படுவான்கரைக்கு ஏன் சிக்னல் வருவதில்லை? தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2002 இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த கையோடு மட்டக்களப்பில் ஒரு சின்னக் கொமினிகேஷன் கடை போட்டேன். மரப் பலகையால் அடைத்த இரண்டு கூண்டு, இரண்டு போன், நிமிடக் கணக்குக் காட்டும் ஒரு பெட்டி. இப்போது அதே இடத்தில் ரீலோட், சிம், போன் திருத்தம். இத்தனை வருடமும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். கேட்டவர்கள் பெரும்பாலும் கம்பனியைத் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கம்பனிக்கு மேலே ஒரு ஆணைக்குழு இருக்கிறது, அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டத்தில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதைப் பலர் அறியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

கல்லடியில் நாலு கோடு சிக்னல் காட்டுகிறது. வாவியைத் தாண்டி மேற்கே படுவான்கரைக்குள் போனால் ஒன்றும் இல்லை. ஏன்?

ஒரு டவர் போடக் காசு வேண்டும். டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாதாமாதம் காசு வேண்டும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஒரு டவரைப் போட்டால் அதன் நிழலில் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். அதே டவரை வெல்லாவெளிக்கு அப்பால் அல்லது புல்லுமலைப் பக்கம் போட்டால் வயலும் காடும் குளமும், இடையிடையே சில நூறு குடும்பமும்தான். முதல் போடுகிறவன் எங்கே போடுவான் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்திலும் இதே கதைதான். கரையோரம் நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் வரைக்கும் கம்பனிகள் நெருக்கியடித்து நிற்கும். பொத்துவிலில் இருந்து உள்ளே போகப் போக ஐதாகிவிடும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். "நாட்டின் இத்தனை வீதம் மக்களுக்கு எங்கள் சேவை இருக்கிறது" என்று விளம்பரம் சொல்லும். மக்கள் தொகையால் கணக்கிட்ட வீதம் அது. நிலப்பரப்பால் கணக்கிட்டால் வேறு எண் வரும். கரையோரத்து ஒடுங்கிய பட்டையிலேயே நம் மாவட்டத்துச் சனம் அதிகம் இருப்பதால், படுவான்கரையின் பெரும் பகுதியை விட்டுவிட்டும் ஒரு கம்பனி மக்கள்தொகைக் கணக்கில் அழகான எண்ணைக் காட்டலாம். அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போது எந்தக் கணக்கு என்று எழுதுகிறார்கள் என்பதில் ஒரு ஊரின் தலையெழுத்தே இருக்கிறது.

அனுமதிப்பத்திரத்தை யார் கொடுக்கிறார்கள்?

இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கம்பனியைப் பரிசீலித்துச் சிபாரிசு செய்கிறது, விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் கொடுக்கிறார். ஆணைக்குழுவின் அலுவலகம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் போன் என்றால் அரசாங்கத் திணைக்களம். இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். 1991 இன் 25 ஆம் இலக்கச் சட்டம் திணைக்களத்தைக் கூட்டுத்தாபனமாக்கியது. 1996 இன் 27 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்த ஆணைக்குழுவை உண்டாக்கியது. 1997 இல், அந்தக் கூட்டுத்தாபனத்தின் வழிவந்த ஸ்ரீலங்கா டெலிகொம்மின் 35 வீதப் பங்கை ஜப்பானியத் தொலைபேசிக் கம்பனியான என்.டி.டி. 22.5 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கி நிர்வாகத்தையும் ஏற்றது. அதாவது விற்கும் கை, நடத்தும் கை, மேற்பார்க்கும் கை மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கப் பார்த்தார்கள்.

முழுதாகப் பிரிந்ததா? என் கருத்தில் இல்லை. ஆணைக்குழுவில் ஐந்து பேர். தலைவர் அமைச்சின் செயலாளர். பணிப்பாளர் நாயகம் ஒருவர். மற்ற மூவரையும் அமைச்சர் நியமிக்கிறார். திறைசேரிக்கோ டெலிகொம்மில் 49.5 வீதப் பங்கு இருக்கிறது. விளையாடுகிற அணியில் பாதியைச் சொந்தமாக வைத்திருக்கும் அரசாங்கமே மத்தியஸ்தரையும் நியமிக்கிறது. இங்கே யாரையும் குற்றம் சாட்ட நான் வரவில்லை, நல்ல அதிகாரிகள் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒழுங்குமுறை நல்ல மனிதரை நம்பி நிற்கக் கூடாது.

கம்பனிகள் போட்டி போட்டால் விலை தானாகக் குறையும்தானே? இடையில் ஆணைக்குழு எதற்கு?

போட்டியால் நமக்கு நன்மை வந்தது உண்மை. 1989 இல் செல்டெல், அடுத்த சில ஆண்டுகளில் இன்றைய ஹட்ச்சின் முன்னோடியும் மொபிடெல்லும், 1995 இல் டயலொக், 2009 ஜனவரியில் எயார்டெல். ஐந்தாவது கம்பனி வந்ததும் விலை எப்படி விழுந்தது என்பதை என் கடையிலேயே பார்த்தேன். ஒரே ஆள் மூன்று சிம் வைத்துக்கொண்டு, இந்தக் கம்பனிக்கு இது, அந்தக் கம்பனிக்கு அது என்று மாற்றி மாற்றிப் போடுவார்.

அந்த மூன்று சிம்மில்தான் உங்கள் கேள்விக்குப் பதிலும் இருக்கிறது. ஒரு கம்பனியின் போனிலிருந்து இன்னொரு கம்பனியின் போனுக்குக் கோல் போக வேண்டுமானால் இரண்டு வலையும் ஓரிடத்தில் இணைய வேண்டும். அந்த இணைப்புக்கு யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது? பெரிய கம்பனிக்கு அவசரமில்லை. "என் ஆட்களோடு பேச உனக்குத்தான் தேவை" என்று சின்னவனை இழுத்தடிக்கலாம், கூடுதலாகக் கேட்கலாம். இந்த இடத்தில் சந்தையை அதன் போக்கில் விட்டால் பெரியவன் இன்னும் பெரியவனாவான். நடுவில் ஒருவர் நின்று இதுதான் கட்டணம் என்று சொல்ல வேண்டும். வந்த கோலுக்கும் நாமே காசு கொடுத்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மிஸ்ட் கோல் அடித்து வைத்துவிட்டால் ஒரு சங்கதி, இரண்டு அடித்தால் இன்னொரு சங்கதி என்று ஊரே ஒரு மொழி வைத்திருந்தது.

2010 இல் ஆணைக்குழு எதிர்ப்பக்கத்திலிருந்தும் கை வைத்தது. தன் வலைக்குள் நிமிடத்துக்கு 1.50 ரூபாவுக்கும், வெளி வலைக்கு 2 ரூபாவுக்கும் கீழே விற்கக் கூடாது என்று அடித்தள விலை வைத்தார்கள். விலைப் போரில் கம்பனிகள் நட்டப்பட்டு முதலீட்டை நிறுத்திவிடும் என்பது காரணம். வாடிக்கையாளர் பலர் கோபப்பட்டார்கள், நானும்தான். பிறகு யோசித்தால், நட்டத்தில் ஓடும் கம்பனி முதலில் வெட்டுவது வாகரைக்குப் போட இருந்த டவரைத்தான். அடித்தள விலை சரியான மருந்தா என்று இன்றும் எனக்கு முழு நிச்சயம் இல்லை. ஆனால் நோய் இருந்தது.

ஐந்து கம்பனி இருந்ததே, இப்போது எத்தனை?

மூன்று. 2018 இல் எடிசலாட்டும் (பழைய செல்டெல்) ஹட்ச்சும் ஒன்றாயின. 2024 இல் எயார்டெல் லங்காவை டயலொக் வாங்கியது. மிஞ்சியது டயலொக், டெலிகொம்மின் எஸ்.எல்.டி. மொபிடெல், ஹட்ச். கோபுரமும் அலைக்கற்றையும் ஒன்றாகச் சேர்ந்ததால் சேவை சில இடங்களில் முன்னேறலாம். ஆனால் விலையைக் கீழே இழுத்த கைகள் இரண்டு குறைந்துவிட்டன.

இந்த இடத்தில் நம் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 1987 இல் உருவான நியாயமான வர்த்தக ஆணைக்குழுவுக்கு, எந்தத் துறையிலும் கம்பனிகள் இணைவதைப் பரிசீலிக்கும் அதிகாரம் இருந்தது. 2003 இன் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வந்தபோது அந்த ஆணைக்குழு போய்விட்டது, இணைப்புகளைத் தடுக்கும் அந்தப் பொது அதிகாரமும் அதோடு போய்விட்டது. தொலைத்தொடர்பில் மட்டும் துறை ஆணைக்குழு இருப்பதால் ஓரளவு தப்பினோம்.

நம்பரை மாற்றாமல் கம்பனி மாறும் வசதி இருந்தால் மூன்று கம்பனிக்குள்ளும் போட்டி சூடாக இருக்கும். பாகிஸ்தான் அதை 2007 இல் கொடுத்தது, இந்தியா 2011 இல் நாடு முழுவதும் கொடுத்தது. இங்கே கம்பனிகள் சேர்ந்து அதற்கென ஒரு நிறுவனத்தை அமைத்த பிறகும் விஷயம் வருடக்கணக்கில் இழுபட்டது. வங்கிக் கணக்கு, பள்ளிக்கூடம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை என எல்லாரிடமும் ஒரே நம்பரைக் கொடுத்து வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்கு அந்த நம்பரை விடுவது லேசான காரியமா?

அலைக்கற்றை என்றால் என்ன? அதை ஏன் ஏலம் போட வேண்டும்?

காற்றில் போகும் அலைகளின் வரிசை. வாவியில் கட்டுவலை கட்டும் இடம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கட்டிய இடத்தில் இன்னொருவர் கட்டினால் இரண்டு பேருக்கும் மீன் இல்லை. அதனால் யாருக்கு எந்த இடம் என்று ஆணைக்குழு பிரித்துக் கொடுக்கிறது.

எல்லா இடமும் ஒன்றல்ல. 900 மெகாஹேட்ஸ் போன்ற தாழ்ந்த அலை தூரம் போகும், மரத்தையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2600 மெகாஹேட்ஸ் போன்ற உயர்ந்த அலை நிறைய டேட்டா சுமக்கும், ஆனால் சீக்கிரம் சோர்ந்துவிடும். பட்டணத்து நெரிசலுக்கு உயர்ந்தது நல்லது. உன்னிச்சை, கரடியனாறு போன்ற ஊர்களுக்குத் தாழ்ந்த அலைதான் உயிர். ஒரு டவராலேயே பல கிலோமீற்றர் மூடலாம். ஆகவே தாழ்ந்த அலையைக் கொடுக்கும்போது, "இதோடு இன்னின்ன பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு இத்தனை வருடத்துக்குள் சேவை கொடுக்க வேண்டும்" என்று நிபந்தனை போட வேண்டும். ஏலத்தில் கிடைக்கும் காசைவிட அந்த ஒரு வரி நமக்குப் பெறுமதி கூடியது.

இலாபம் இல்லாத ஊருக்குக் கம்பனி வராது என்றால் வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. சிலி நாடு 1990களிலேயே ஒரு வழி கண்டது. தொலைவான ஊர்களைப் பட்டியலிட்டு, "இந்த ஊர்களுக்குப் போன் கொடுக்க அரசாங்கத்திடம் ஆகக் குறைந்த மானியம் கேட்பவர் யார்?" என்று கேள்விமனு கோரினார்கள். சில இடங்களுக்கு ஒரு சதமும் வேண்டாம் என்று சொல்லியே கம்பனிகள் எடுத்தன. இலாபம் இல்லை என்று அதுவரை சொன்ன கணக்கு எவ்வளவு உண்மை என்பது அப்படித் தெரியவந்தது. இந்தியாவில் கம்பனிகளின் வருமானத்தில் 5 வீதத்தைக் கிராம சேவைக்கென ஒரு நிதியில் சேர்க்கிறார்கள், 2002 முதல்.

நமக்கும் ஒரு நிதி உண்டு. அதன் கதை கிழக்கோடு ஒட்டியது. சர்வதேசக் கோல் 2002 ஓகஸ்ட் வரை டெலிகொம்மின் தனியுரிமை. அது முடிந்ததும் 30க்கு மேற்பட்ட கம்பனிகளுக்கு வெளிநாட்டுக் கோல் நடத்த அனுமதி கிடைத்தது, விலை மளமளவென்று இறங்கியது. என் கடைக் கூண்டுக்குள் சவூதியிலும் குவைத்திலும் இருந்த பெண்களின் பிள்ளைகள் நின்று பேசுவார்கள். கணக்குப் பெட்டியைப் பார்த்துப் பார்த்துப் பேசியவர்கள், விலை இறங்கிய பிறகு பெட்டியைப் பார்க்காமல் பேசத் தொடங்கினார்கள். அதே காலத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் நிமிடங்களின்மேல் ஓர் அறவீடும் வந்தது. 2004 இன் 11 ஆம் இலக்க நிதிச் சட்டத்தில் அது இருக்கிறது. அதில் ஒரு பங்கு தொலைத்தொடர்பு அபிவிருத்திக்கு, அதாவது எட்டாத ஊர்களை எட்டவைப்பதற்கு.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்த நம் பெண்கள் வீட்டுக்குப் பேசிய ஒவ்வொரு நிமிடமும் அந்த நிதிக்குள் போயிருக்கிறது. அவர்களின் ஊர்களுக்கு அதிலிருந்து என்ன திரும்பி வந்தது என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. 2021 இல் இரத்தினபுரியில் தொடங்கிய, சிங்களத்தில் "கமட்ட சன்னிவேதனய" எனப்படும் கிராமத் தொடர்பாடல் திட்டம் இந்த நோக்கத்துக்குரியதே. கொரோனா காலத்தில் பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறி நின்று ஒன்லைன் வகுப்புப் பார்த்த படங்கள் வந்த பிறகுதான் அதற்கு வேகம் பிறந்தது.

நூறு ரூபாவுக்கு ரீலோட் பண்ணினால் நூறு ரூபாவுக்குப் பேச முடியவில்லை. கடைக்காரர் எடுக்கிறாரா?

இல்லை. எனக்குக் கிடைப்பது கம்பனி தரும் சிறு கமிஷன் மட்டும். மிச்சம் வரி. தொலைத்தொடர்பு வரி 2022 ஜூனில் 11.25 வீதத்திலிருந்து 15 ஆனது. வற் வரி அதே வருடத்தில் 8 இலிருந்து 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. இவற்றை ஆணைக்குழு விதிப்பதில்லை, பாராளுமன்றமும் அமைச்சும் விதிக்கின்றன. ஆணைக்குழு கை வைப்பது கட்டணத்தில். 2022 செப்டெம்பர் 5 முதல் போன் கட்டணங்கள் 20 வீதம் ஏறியது அதன் அனுமதியோடுதான். எதற்கு யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கேட்காத சேவைக்குக் காசு வெட்டுகிறார்கள். மறுகா என்ன செய்யிறது?

என் தாயாரின் போனிலும் இது நடந்தது. அவர் பட்டன் போன் வைத்திருந்தவர், எழுத்து வாசிக்கச் சிரமப்படுவார். தினமும் ஏதோ ஒரு செய்திச் சேவைக்கென்று சில ரூபாய் போய்க்கொண்டே இருந்தது. கோயிலில் இருக்கும்போது அழுத்துப்பட்ட ஒரு பட்டன்தான் சம்மதம் என்று சொன்னார்கள். விடாமல் கேட்டு நிறுத்தினோம், ஒரு பகுதி திரும்பி வந்தது.

முதலில் கம்பனியின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு எடுங்கள். முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைக் கேட்டு வாங்கி, திகதியோடு எழுதி வையுங்கள். அது இல்லாமல் மேலே போனால் முறைப்பாடு நிற்காது. சரிவரவில்லை என்றால் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு எடுங்கள். சந்தாதாரரின் முறைப்பாட்டை விசாரிக்கச் சட்டம் அதற்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. தமிழில் பேசலாம், தமிழில் எழுதலாம். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. தயங்கி, தெரிந்த அரைகுறைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லி, சொல்ல வந்ததில் பாதியை விட்டுவிடாதீர்கள்.

டவர் வந்தால் புற்றுநோய் வருமாமே?

இந்தப் பயத்தை நான் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன். டவர் வெளியிடும் அலை, எக்ஸ்ரே போல உடலணுவை உடைக்கும் வகை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரமைப்பு 2011 இல் ரேடியோ அலைகளை "ஒருவேளை காரணமாகலாம்" என்ற 2பி வகுப்பில் வைத்தது. பெரும்பாலும் காதோடு ஒட்டிவைத்துப் பேசும் போனைப் பற்றிய ஆய்வுகளை வைத்து எடுத்த முடிவு அது. டவரிலிருந்து நமக்கு வரும் சக்தி, காதில் வைக்கும் போனிலிருந்து வருவதைவிட வழக்கமாக மிகக் குறைவு. டவர் தூரமாக இருந்தால் போன்தான் கூடுதல் சக்தியில் அலற வேண்டியிருக்கும்.

ஆனால் ஊரைக் கேட்காமல் இரவோடிரவாக டவர் போடுவது வேறு பிரச்சினை. பிரதேச சபையின் அனுமதி எங்கே, அளவீட்டு அறிக்கை எங்கே என்று கேளுங்கள்.

ஆணைக்குழுவால் பேஸ்புக்கையே நிறுத்த முடியுமா?

நிறுத்தியிருக்கிறார்கள். 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின்போது, 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி போராட்டத்தின்போது. 2019 இல் சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, வெளிநாட்டில் இருந்தவர்கள் தங்கள் உறவு உயிரோடு இருக்கிறதா என்று அறியத் தேடியது வட்ஸ்அப்பைத்தான், அதுவும் நின்றிருந்தது. வெறுப்புப் பேச்சு ஆபத்தானது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு நாட்டின் வாயை மூடும் முடிவை, பகிரங்கமாகக் காரணம் எழுதாமல், நீதிமன்றம் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

ஸ்டார்லிங்க் வந்துவிட்டது. இனி டவர் எதற்கு?

2024 இல் சட்டம் திருத்தி அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள், 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. குடும்பிமலை அடிவாரத்திலும் வானம் திறந்திருந்தால் வேலை செய்யும். கருவியின் விலையும் மாதக் கட்டணமும் ஒரு நாள் கூலிக்காரருக்கு எட்டாது. பாடசாலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டாக வைத்துக்கொள்ளலாம்.

புயல் வந்தால் முதலில் போன்தான் போகிறது. இதற்கும் சட்டம் உண்டா?

1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிரை இழந்தது அம்பாறை மாவட்டம். நமக்குப் போன் எச்சரிக்கைக் கருவியும்கூட. டவர் விழாமல் நின்றாலும் மின்சாரம் போனால் பற்றரி சில மணி நேரத்தில் இறங்கிவிடும். சர்வதேச கடலடிக் கேபிள்கள் எல்லாம் கல்கிசை, கொழும்பு, மாத்தறை என மேற்கிலும் தெற்கிலும்தான் கரையேறுகின்றன. கடல் நம் வாசலில் இருந்தும், நம் டேட்டா நாட்டைக் குறுக்கறுத்து வரும் வயரில்தான் தொங்குகிறது. வழியில் அறுந்தால் இங்கே இருட்டு. பற்றரி எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும், எத்தனை மாற்று வழி இருக்க வேண்டும், புயல் நேரத்தில் ஒரு கம்பனியின் வலை விழுந்தால் மற்றது அதன் ஆட்களை ஏற்க வேண்டுமா என்பதை அனுமதிப்பத்திர நிபந்தனையாக்கலாம். கிழக்கு மாகாணத்திலிருந்து இந்தக் கோரிக்கைதான் முதலாவதாகப் போக வேண்டும்.

எங்கள் ஊருக்கு டவர் வேண்டும். யாருக்கு, எப்படி எழுதுவது?

தனி ஆளாக எழுதாதீர்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம், பாடசாலை அதிபர் எல்லாரும் கையெழுத்திட்ட ஒரே கடிதமாக இருக்கட்டும். ஆணைக்குழுவின் பணிப்பாளர் நாயகத்துக்கு அனுப்பி, மூன்று கம்பனிக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதி வையுங்கள். "சிக்னல் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு, எத்தனை குடும்பம், எத்தனை மாணவர், எந்தக் கம்பனிக்கு எந்த இடத்தில் எத்தனை கோடு, எத்தனை மணிக்குப் பார்த்தது, கடைசியாக அம்பியூலன்ஸ் கூப்பிட எத்தனை கிலோமீற்றர் ஓட வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். டவருக்குக் கொடுக்கக்கூடிய அரச காணி இருந்தால் அதையும் சொல்லுங்கள், பாதி வேலை அதிலேயே முடியும்.

அதோடு, 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பமும் போடுங்கள். உங்கள் பிரதேச செயலகப் பிரிவில் எத்தனை டவர், எத்தனை திட்டமிடப்பட்டிருக்கிறது, அபிவிருத்தி நிதியிலிருந்து உங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு வந்தது என்ற மூன்று கேள்வி போதும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் ஒரு கொப்பியோடு கடைக்கு வாருங்கள், மாலை ஐந்து மணிக்குப் பிறகு நான் இருப்பேன், சேர்ந்து எழுதுவோம்.